வீடு யார் பேரில், வியாபாரம் யார் பேரில்

நாங்கள் இருக்கும் வீடு அம்மா எனக்கு எழுதித் தந்தது. அம்மாவுக்கு அவருடைய அம்மா தந்தது. மட்டக்களப்புப் பக்கத்தில் இது ஒன்றும் புதினமில்லை, இங்கே வீடு பெண்ணோடுதான் போகும். சொத்தைப் பெண்வழியில் கொண்டுபோன இந்தப் பக்கத்து வழமைச் சட்டமான முக்குவர் சட்டம் ஏட்டிலிருந்து போய் நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டி முடிக்காமல் எந்தத் தகப்பனும் இங்கே நிம்மதியாகப் படுப்பதில்லை. கலியாணம் முடிந்து என் கணவர்தான் ஒரு சூட்கேசோடு எங்கள் ஊர் களுதாவளைக்கு வந்து சேர்ந்தார். யாராவது கேற்றைத் தட்டினால் "வீட்டுக்காரம்மா உள்ளே இருக்கிறா" என்று இன்றைக்கும் பகிடி விடுவார்.

வீட்டுக் கதையில் தொடங்கக் காரணம் இருக்கிறது. சொந்தத் தொழில் தொடங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து, தனியாகப் பதியலாமா, பங்காளியாகப் பதியலாமா, கம்பனி போடலாமா என்று கேட்கிறார்கள். பேச்சு உடனே வரிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கார்டில் 'பிரைவேட் லிமிடெட்' என்று அடித்தால் நன்றாக இருக்குமே என்ற இடத்துக்குப் போகும். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். நீங்கள் படுக்கிற வீடு யார் பேரில் இருக்கிறது? கொஞ்சம் முறைப்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கப் படித்துக்கொள்ள எனக்கு 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் செலவானது.

ஒன்பது வருடம் மட்டக்களப்பு டவுனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் இருந்தேன். 2021 கடைசியில் புரொஜெக்ட் முடிந்தது, வேலையும் முடிந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனதைப் பார்த்துப் பழகிய ஊர் இது, யாரும் பெரிதாகத் துக்கம் விசாரிக்கவில்லை. சேமலாப நிதியில் இருந்த காசு பெண்களுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். எனக்கு அப்போது 36. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை விட்டதும் எடுக்கலாம். வேலை தருபவர் தன் பக்கத்தால் மாதாமாதம் கட்டிய 3 சதவீதம், வட்டியோடு 2 இலட்சத்து 40 ஆயிரமாகச் சேர்ந்திருந்தது. அதுதான் என் முதல்.

தொழில் அம்மாவின் குசினியில் ஏற்கெனவே இருந்தது. வறுத்த அரிசிமா. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் சிவப்புப் பச்சையரிசியைக் கழுவி ஊறப்போட்டு, நீரை வடித்து, ஈரம் இருக்கும்போதே மில்லுக்குக் கொண்டுபோய் அரைப்பது. பிறகு முற்றத்தில் மூன்று கல் வைத்து, பெரிய தாச்சியில் வறுப்பது. அந்தத் தாச்சியை இரண்டு பேர்தான் தூக்கலாம். அடிப்பக்கம் கரியேறி, உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும். அது அம்மம்மா காலத்துச் சாமான். மா வறுபட்டதா என்று அம்மா மணத்தில் கண்டுபிடிப்பார். எங்களுக்காக ஒரு சோதனையும் செய்து காட்டுவார். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தரையில் கோடு இழுப்பார். கோலப்பொடி மாதிரி அறாமல் விழுந்தால் இறக்கலாம், அறுந்து அறுந்து விழுந்தால் இன்னும் கொஞ்சம் வறுக்க வேண்டும். இடியப்பத்துக்கு ஒரு பதம், பிட்டுக்கு ஒரு பதம். இந்த வித்தையை எந்தப் பதிவுப் படிவத்திலும் எழுத இடமில்லை.

2022 தொடக்கத்தில் என்னோடு வேலை செய்த ஒருத்தியும் நானும் சேர்ந்தோம். அவளுடைய வீடு டவுனில், ரோட்டுக் கரையில். கடைக்காரர்களை அவளுக்குத் தெரியும், கணக்கு எனக்குத் தெரியும், மா அம்மாவுக்குத் தெரியும். லாபம் பாதிக்குப் பாதி. எழுத்து ஒன்றும் இல்லை. பக்கத்து மேசையில் ஒன்பது வருடம் ஒன்றாகச் சோறு சாப்பிட்டவளிடம் கடதாசியை நீட்டிக் கையெழுத்துக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. பெயர்கூடப் பதியவில்லை. "கொஞ்சம் ஓடட்டும், பிறகு பதிவோம்" என்றாள். நானும் சரி என்றேன். பைகளை ஒட்டும் மெசின் என் காசில் வாங்கினது. ஆனால் பில் அவள் பேரில், மெசின் அவள் வீட்டில். ஏனென்றால் அன்று லொறி அங்கேதான் போனது.

அடுத்து என்ன நடந்தது என்று 2022ஐ இந்த நாட்டில் கழித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதம் 360. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. எங்களுக்கு விறகடுப்பு என்பதால் வறுவல் நிற்கவில்லை, மில்தான் நின்றது. அச்சடித்த பைகளைக் கொழும்பில் ஒரு கம்பனியிடம் அவள் கடனுக்கு எடுத்திருந்தாள். அச்சடித்த பைக்குக் குறைந்தது இத்தனை என்று ஓர் எண்ணிக்கை உண்டு, அதற்குக் கீழே அடிக்க மாட்டார்கள். நாங்கள் ஒரு வருடத்தில் விற்றிருக்கவே முடியாத அளவு பை வந்து இறங்கியது. பில் 3 இலட்சத்து 80 ஆயிரம். பையின் பின்பக்கத்தில் எங்கள் இரண்டு பேருடைய போன் நம்பரும் அழகாக அச்சாகியிருந்தது.

ஓகஸ்டில் அவள் வெளிநாடு போய்விட்டாள். அந்த வருடம் யார்தான் போகவில்லை? அவளை ஏச எனக்கு இப்போது மனமில்லை. கொழும்புக்காரர் அவளுடைய நம்பருக்கு எடுத்துப் பார்த்தார், வேலை செய்யவில்லை. அடுத்த நம்பர் என்னுடையது. இரண்டு மாதம் கழித்துச் சட்டத்தரணி ஒருவரின் கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது அம்மா பக்கத்தில் நின்றார். "என்ன கா இது, கோட்டுக் கடதாசியா?" என்று கேட்டதற்கு, வங்கிக் கடிதம் என்று பொய் சொன்னேன்.

டவுனில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். நான் துணிவோடுதான் போனேன். ஓடரில் நான் கையெழுத்து வைக்கவில்லை, எந்த ஒப்பந்தமும் இல்லை, பதிவும் இல்லை, அப்படியிருக்க நான் எப்படிப் பங்காளி? அவர் முழுவதையும் கேட்டுவிட்டு அலுமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், 18ஆம் பிரிவு. காணி உறுதியை நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும் என்கிறதே, அதே சட்டம்தான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் முதல் போட்டுப் பங்குடமை அமைப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது என்று அதில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்! இன்றைக்கு இரண்டு பேர் கடையில் சோறு சாப்பிட்டால் முடிந்துவிடும்.

"பார்த்தீங்களா சேர், எழுத்து இல்லை, அப்போ நான் பங்காளி இல்லைதானே" என்றேன்.

"கீழே வாசிங்க தங்கச்சி" என்று விரலை வைத்துக் காட்டினார்.

கீழே ஒரு வாசகம் இருக்கிறது. வெளியாட்கள் வழக்குப் போடுவதற்கு இந்த விதி தடையில்லை. நீங்கள் இருவரும் பங்காளிகள் மாதிரி நடந்துகொண்டீர்கள் என்பதைச் சூழ்நிலைகளை வைத்து அவர்கள் நிரூபிக்கலாம். பையில் இரண்டு நம்பர், வங்கிக்கு நான் போட்ட சிலிப், லாபம் பிரித்த வட்ஸ்அப் செய்திகள், எல்லாம் சூழ்நிலைதான். ஆக, பங்காளி என்று சொல்லிக்கொண்டு என் பங்கைக் கேட்க நான் அவளிடம் போனால் எழுத்து எங்கே என்று கேட்கும் அதே சட்டம், கடன்காரன் என்னிடம் வரும்போது எழுத்துக் கேட்காது. எங்களுக்குள் நாங்கள் பங்காளிகள் இல்லை, கடன் கொடுத்தவனுக்கு மட்டும் பங்காளிகள். பங்குடமையில் ஒருவர் தொழிலுக்காகப் பட்ட கடன் முழுவதற்கும் மற்றவரும் பொறுப்பு. பாதிக்குப் பாதி என்பது லாபத்துக்குத்தான். ஒருத்தி கடல் கடந்துவிட்டால், இருக்கிறவளிடம் முழுவதையும் கேட்கலாம்.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார், "வீடு யார் பேரில இருக்கு?"

என் பேரில்தான். அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது அவர் இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, வைத்த நன்கொடை உறுதி. கணவர் கடன் பட்டிருந்தால் வீட்டுக்கு ஒன்றும் வந்திருக்காது. மனைவியின் ஆதனம் மனைவியுடையது, புருசனின் கடனுக்கு அதைத் தொட முடியாது என்பது 1923இலிருந்து இருக்கும் சட்டம். எங்கள் பக்கத்து ஆண்கள் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பாதுகாப்புக்குள் இருந்து வியாபாரம் செய்கிறார்கள். கடை அவர் பேரில், வீடு அவ பேரில். கடை விழுந்தாலும் கூரை நிற்கும். அதே தொழிலைப் பெண் தொடங்கும்போது கடையும் கூரையும் ஒரே பேரில் வந்து நிற்கின்றன. பெண்களுக்குச் சுயதொழில் பயிற்சி என்று எத்தனை பட்டறைகளுக்கு நானே பில் போட்டிருக்கிறேன்! மதியச் சாப்பாடு, கொப்பி, பேனை எல்லாம் கணக்கில் இருந்தன. இந்த ஒரு விசயத்தை யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பேசித் தீர்த்தோம். பத்து மாதத் தவணை. ஒட்டும் மெசின் திரும்பி வரவில்லை. பில் அவள் பேரில் இருக்க, நான் எதைக் காட்டிக் கேட்பது? மிஞ்சிய பைகளில் அம்மா இன்னும் மிளகாய்த்தூளும் உப்பும் கட்டி வைக்கிறார்.

2023இல் திரும்பத் தொடங்கினேன், இந்த முறை தனியாக. வியாபாரப் பெயர்ப் பதிவுக்குக் களுவாஞ்சிகுடியில் பிரதேச செயலகம். அங்கே படிவம் எடுத்து, அடையாள அட்டைப் பிரதி, இடத்துக்கான உறுதியின் பிரதி எல்லாம் இணைத்து, கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு கொடுக்க வேண்டும். எங்கள் ஜீ.எஸ். விறாந்தையில் இருந்து படிவத்தை நிரப்பும்போது, "ஏன், சேரையும் சேர்த்துப் போடுங்களேன்" என்றார். கணவர் ஆசிரியர். அரசாங்க உத்தியோகத்தர் நினைத்தபடி வியாபாரத்தில் இறங்க முடியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்னொரு பெயரைச் சேர்த்தால் அது பங்குடமை. கணவனானாலும் இன்னொருவர் போடும் கையெழுத்துக்கு நான் பொறுப்பு. ஒரு முறை போதும்.

சாப்பாட்டுச் சாமான் என்றபடியால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., வந்து பார்த்தார். வறுக்கிற இடத்துக்குக் கூரையும் வலையும் போடச் சொன்னார். தாச்சியைப் பார்த்து, "இது நல்ல பழைய சாமான்" என்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் தனி, அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பெயர்ப் பதிவும் அனுமதிப்பத்திரமும் ஒன்று என்று நினைத்திருக்கும் ஆட்கள் ஏராளம். முதலாவது நீ யார் என்பதற்கு, இரண்டாவது இந்த இடத்தில் இந்த வேலையைச் செய்யலாம் என்பதற்கு.

இன்னொரு மயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் நம்முடைய சொத்து என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இந்தப் பதிவு மாகாணத்தோடு நிற்பது. பொதியில் போடும் பெயரையும் குறியையும் காப்பாற்ற வேண்டுமென்றால் அதற்குக் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது, வியாபாரக் குறியாகத் தனியாகப் பதிய வேண்டும். நான் இன்னும் செய்யவில்லை, செய்ய வேண்டும்.

பதிவுச் சான்றிதழ் வந்த அன்று கணவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டச் சொல்வது சட்டமும்தான். நடைமுறைக் கணக்குத் திறந்தேன், வரி அடையாள இலக்கம் எடுத்தேன். வேலைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள், அவர்களுக்குச் சேமலாப நிதி கட்டுகிறேன். அவர்களின் சம்பளத்தில் 8 சதவீதம், என் பக்கத்தால் 12, நம்பிக்கை நிதிக்கு மேலும் 3. சின்ன வியாபாரத்துக்கு இது தேவையில்லை என்று பலர் புத்தி சொன்னார்கள். ஓர் ஆளை வேலைக்கு வைத்தாலும் கட்டத்தான் வேண்டும். அந்த 3 சதவீதம் என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்று எனக்குத் தெரியும், அவர்களிடமிருந்து அதை எப்படி வெட்டுவது?

ஆனால் இந்தச் சான்றிதழ் ஒன்றை மட்டும் செய்யாது. எனக்கும் வியாபாரத்துக்கும் நடுவில் சுவர் எழுப்பாது. வியாபாரத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது நான்தான். கடனும் நான், லாபமும் நான், வரியும் நான்.

வரியைப் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2025 ஏப்ரலிலிருந்து தனி ஆளுக்கு வருடத்தில் 18 இலட்சம் வரை வருமான வரி இல்லை, அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். என் தொழிலில் 24 இலட்சம் லாபம் வந்தால், 6 இலட்சத்துக்கு 6 சதவீதம், 36 ஆயிரம் ரூபாய். கம்பனி என்றால் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதே 24 இலட்சத்துக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம். மிச்சத்தைப் பங்குலாபமாக வீட்டுக்கு எடுத்தால் அதில் இன்னுமொரு 15 சதவீதம். இதைக் கேட்டவுடன் கம்பனிக் கதையை மூடிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த 24 இலட்சத்தையும் பணிப்பாளர் சம்பளமாக நானே எடுத்தால் கம்பனிக்கு லாபமே இல்லை, என் சம்பளத்துக்கு மறுபடியும் அந்த 36 ஆயிரம்தான். கையில் வருவதையெல்லாம் வீட்டுச் செலவுக்கு எடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வரி பெரிதாக எதையும் தீர்மானிக்காது. காசைத் தொழிலுக்குள்ளேயே விட்டுவைக்கும் நாளில்தான் அந்த 30 சதவீதம் கடிக்கும். கம்பனியை நடத்தும் செலவு வேறு. செயலாளர் ஒருவர் கட்டாயம், கணக்காய்வாளர், வருடாந்த அறிக்கை. எனக்குக் கேட்ட தொகை வருடத்துக்கு ஒரு இலட்சத்துக்குக் கிட்ட வந்தது. ஒரு இலட்சத்துக்கு எத்தனை கிலோ மா வறுக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். அந்தக் கணக்கை நான் போடவில்லை.

எப்படிப் பதிந்தாலும் ஒன்று பொது. மார்ச் 31இல் வருடம் முடியும், நவம்பர் 30க்குள் வரி விபரத்திரட்டுப் போக வேண்டும். பில்களை ஒக்டோபரில் தேடத் தொடங்குகிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

2024இல் வறுக்கும் மெசின் ஒன்று பார்த்தேன், 14 இலட்சம். வங்கிக்குப் போனேன். கடன் பகுதியில் இருந்த தம்பி நல்ல மாதிரி. "மிஸ், கம்பனியாக இருந்தால் இன்னும் நல்லா இருக்கும்" என்றார். சரி, கம்பனி எடுத்தால் வீட்டை ஈடு வைக்கத் தேவையில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் சிரித்தார். கம்பனிக்குக் கடன் கொடுத்தாலும் பணிப்பாளர் தனிப்பட்ட பிணை எழுத வேண்டும். தொகை பெரிதென்றால் ஈடும் வேண்டும். சீவிய உரித்து இருப்பதால் அம்மாவும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"கம்பனி எண்டாலும் நான் கையெழுத்து வைக்கணுமா?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்குப் புள்ள கம்பனி?"

வங்கியைப் பொறுத்தவரை அம்மா கேட்டது சரி. நீங்களே பிணை எழுதிக் கொடுத்த பிறகு, கம்பனி என்ற சுவரில் நீங்களே கதவு வைத்துத் திறப்பையும் வங்கியிடம் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் எல்லோரும் வங்கி இல்லை. பை அடித்துத் தருகிறவர், அரிசி கடனுக்குத் தருகிறவர், லொறிக்காரர், என் மாவைச் சாப்பிட்டு வயிற்றுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நட்டஈடு கேட்டு வரக்கூடிய யாரோ ஒருவர், இவர்களில் யாரும் பிணை கேட்பதில்லை. கம்பனியோடு வியாபாரம் செய்தால் அவர்களின் கை சாதாரணமாகக் கம்பனியின் சாமானோடு நின்றுவிடும். 2022இல் எனக்கு வந்தது அந்த மாதிரிக் கடன்தான். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

14 இலட்ச மெசின் வேண்டாமென்று விட்டுவிட்டோம். கணவரும் அவருடைய பள்ளிக்கூட நண்பர் ஒருவரும் பிணை நிற்க, அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் என்ற வழமையான வழியில், 5 இலட்சம் எடுத்து, பாவித்த சின்ன மெசின் ஒன்று வாங்கினேன். இடியப்ப மா அதில். பிட்டு மா இன்னும் தாச்சியில்தான், மெசினுக்கு அந்தப் பதம் வரவில்லை.

இப்போது கதை மாறியிருக்கிறது. கணவரின் தங்கச்சி, என் மச்சாள், பாண்டிருப்பில் இருக்கிறாள். கல்முனைச் சந்தைப் பக்கம் முழுவதும் அவளுக்கு அத்துப்படி. போன வருடம் அவள் வழியாகவே என் மாவில் மூன்றிலொரு பங்கு போனது. சேர்ந்து செய்வோம், 5 இலட்சம் போடுகிறேன் என்கிறாள். நல்லவள், கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவள். போன முறை சேர்ந்தவளும் அப்படித்தான் இருந்தாள். இதை மச்சாளிடம் சொன்னேன், கோபிக்கவில்லை. "எண்ட வீடும் எண்ட பேரிலதான் மச்சாள், எனக்கும் பயம்தானே" என்றாள். அந்த ஒரு வசனத்தில் எனக்குப் பாதிப் பயம் போனது.

தனி ஆளாக இருந்தவரை பெயர்ப் பதிவு எனக்குப் போதுமாக இருந்தது. யார் கடன் படுவது என்றால் நான்தான், என் கையை நான் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேரானால் அவளுடைய கையெழுத்து என் வீட்டையும் என்னுடையது அவளுடைய வீட்டையும் தொடும். நொத்தாரிசிடம் போய் அழகாகப் பங்குடமை ஒப்பந்தம் எழுதினாலும் அது எங்கள் இருவருக்குள் செல்லும், வெளியில் உள்ளவரை நிறுத்தாது. ஆகவே கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் கம்பனிக்கு ஒருவரே போதும், நாங்கள் இரண்டு பேர். விண்ணப்பம் இப்போது ஒன்லைனில் போகிறது, கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. முதலில் பெயர் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முதலாம் படிவம், பணிப்பாளர் சம்மதத்துக்கு 18, செயலாளருக்கு 19, அதோடு கம்பனியின் அமைப்பு விதிகள். பதிந்த பிறகு பகிரங்க அறிவித்தலும் போட வேண்டும். அமைப்பு விதிகளைப் பலர் கடையில் வாங்கின கொப்பி மாதிரி அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். நாங்கள் ஒவ்வொரு வரியாக வாசிக்கிறோம். ஒருத்தி விலகினால் பங்கை முதலில் மற்றவளுக்குத்தான் விற்க வேண்டும், ஒரு இலட்சத்துக்கு மேல் கடனுக்கு ஓடர் கொடுத்தால் இருவரின் கையெழுத்தும் வேண்டும். இரண்டாவது வரியை எழுதும்போது எனக்கு அந்தப் பைகள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்திருந்தாள். கம்பனிக்கு என்னென்ன சாமான் கொடுக்கிறோம் என்று பட்டியல் போட விறாந்தையில் இருந்தோம். கொடுத்துவிட்டால் அது கம்பனியுடையது, பிறகு என்னுடையதும் இல்லை அவளுடையதும் இல்லை, கடன்காரன் வந்தாலும் அதைத்தான் பார்ப்பான். இதை அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். வறுக்கும் மெசின், ஒட்டும் மெசின் (புதியது, பில் என் பேரில்), தராசு இரண்டு, மேசை நான்கு. ஐந்தாவதாக 'பெரிய தாச்சி 1' என்று எழுதினேன்.

அம்மா உள்ளே இருந்து வந்து பட்டியலை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பேனையையும் கேட்டு வாங்கினார். ஐந்தாவது வரியை ஒரே கோட்டில் வெட்டினார்.

"மெசினெல்லாம் குடுங்க. இத நான் வாடகைக்குத் தாறன். மாசம் எவ்வளவு எண்டு ரெண்டு பேரும் கதைச்சுச் சொல்லுங்க."